காலி வீதியும் ஸ்பார்க் பிளக்கும்

வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிச் சந்திக்கு இரண்டு கிலோமீற்றர் அளவுதான். ஆனால் காலை ஏழரை மணிக்குக் காலி வீதியில் அந்தத் தூரத்தைக் கடக்க எட்டு நிமிடமாவது போய்விடும். எஞ்சின் நிமிடத்துக்குச் சராசரியாக 1000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலடிப்பு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. அப்படியானால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 500 பொறி, எட்டு நிமிடத்தில் 4000 பொறி. அதே கார் தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், 2500 சுற்றில் ஓடினால், இரண்டு கிலோமீற்றரைக் கடக்க 1500 பொறி போதும். காரின் மீற்றரோ இரண்டு பயணத்தையும் ஒரே அளவாகத்தான் காட்டுகிறது.

பிளக்கை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று கேட்டால், சாதாரண நிக்கல் பிளக்குக்கு 20,000 முதல் 40,000 வரை, இரிடியம் பிளக்குக்கு 1,00,000 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். கொழும்புக்குள்ளேயே ஓடித் திரியும் காருக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுப்பது சரியில்லை என்பது என் எண்ணம். பொறிகளின் எண்ணிக்கை அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சூடு. பிளக்கை நாம் மின்சாரச் சாமானாகவே நினைக்கிறோம். ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யுமா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் நுனியின் வெப்பநிலைதான். எந்தப் பிளக்கை வாங்குவது, எவ்வளவு இறுக்குவது, கழற்றிய பிளக்கில் எதைப் பார்ப்பது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

இதை அறிந்துவைப்பதற்கு இலங்கையில் இப்போது கூடுதல் தேவையும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே வைத்து ஓட்டினோம். விட்ஸ், வெகன் ஆர், அக்வா, அல்டோ என்று வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் நிற்பவற்றில் பல, பத்து வயதைத் தாண்டியவை. பழைய எஞ்சினின் சுகம் துக்கத்தை முதலில் காட்டுவது பிளக்.

முதலில் பொறியைப் பார்ப்போம். காற்று நல்லதொரு காவலி. சாதாரண வளியமுக்கத்தில் ஒரு மில்லிமீற்றர் காற்றைத் தாண்டி மின் பாய ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். அமுக்கம் கூடினால் இந்த அளவும் கூடும். 1889 இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் பிரெட்ரிக் பாஷன் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தார்: தேவையான வோல்ட் அளவை நிர்ணயிப்பது, அமுக்கத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகை. சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோல் ஆவியும் அதன் பருமனில் பத்திலொரு பங்காக நெரிபடும் நேரத்தில்தான் பொறி பாய வேண்டும். ஆகவே ஒரு மில்லிமீற்றர் இடைவெளிக்கே 10,000 வோல்ட்டுக்கு மேல் தேவை. பிளக் தேய்ந்திருந்தால் 20,000க்கும் மேல் போகும்.

பற்றரியில் இருப்பது 12 வோல்ட். மிச்சத்தைத் தருவது கொயில். மைக்கல் பரடே 1831 இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் அங்கே நடக்கிறது. கொயிலின் முதல் சுருளில் மின்னோட்டம் காந்தப்புலத்தை எழுப்பும். காரின் கணினி அந்த ஓட்டத்தைச் சட்டென்று வெட்டும். புலம் சரிந்து விழும் வேகத்தில், பல ஆயிரம் சுற்றுக் கொண்ட இரண்டாவது சுருளில் உயர் வோல்ட் பிறக்கும். இடைவெளியில் உள்ள வாயு அயனாகி ஒரு மெல்லிய பாதை திறக்கும். அந்தப் பாதையின் வெப்பநிலை ஒரு கணம் பல்லாயிரம் பாகையைத் தொடும். ஆனால் செலவாகும் சக்தியோ ஒரு யூலின் நூறிலொரு பங்குகள் சில, அவ்வளவுதான். பொறி சிறு தீக்கருவை மட்டும் பற்றவைக்கிறது. அது பரவி மிச்சத்தை எரிக்கிறது.

தேய்ந்த பிளக் ஏன் தடுமாறுகிறது? மின்புலம் கூர்மையான விளிம்பில்தான் செறியும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஓர் இம்மியை அரித்துக்கொண்டு போகும். புதிதில் சீவியதுபோல இருக்கும் விளிம்புகள் மெல்ல மெல்ல உருண்டு மழுங்கும், இடைவெளியும் அகலும். இரண்டும் சேர்ந்து, வேண்டிய வோல்ட்டை உயர்த்திவிடும். கொயில் அதைக் கொடுக்க முடியாத நாளில் சிலிண்டர் தவறும். நிக்கல் 1455 பாகை செல்சியசில் உருகும். இரிடியம் உருக 2446 பாகை வேண்டும். அதனால்தான் இரிடியம் நுனியை 0.4 மில்லிமீற்றர் வரை மெல்லியதாகச் செய்தும் அது தாக்குப்பிடிக்கிறது. நுனி மெல்லியதென்றால் பொறி குறைந்த வோல்ட்டிலேயே பாயும். விலை கூடிய பிளக் கூடுதல் வேகம் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காசு போவது நீண்ட நாள் மழுங்காமல் இருப்பதற்கு.

இனிச் சூட்டுக்கு வருவோம். நடு மின்வாயைச் சுற்றி வெள்ளையாக இருப்பது அலுமினாப் பீங்கான். எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மூக்கு, ஓட்டத்தின்போது ஏறத்தாழ 500 பாகைக்கும் 850 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். 850ஐத் தாண்டி மேலே போனால், பொறி வருமுன்னரே சூடான நுனியே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது வெடிப்பு நடந்தால் பிஸ்டனில் ஓட்டை விழவும் கூடும். கொழும்பில் பெரும்பாலும் நடப்பது மறுபக்கம். ஏறத்தாழ 500 பாகைக்குக் கீழே, பீங்கானில் படியும் கரி எரிந்து போகாது. கரி மின்னைக் கடத்தும். இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதைவிடக் கரிப்பூச்சு வழியே ஒழுகி ஓடுவது மின்னுக்குச் சுலபம். காரை ஸ்டார்ட் செய்தால் உதறும், அக்சிலேற்றரை மிதித்தால் தயங்கும்.

ஒழுங்கையிலிருந்து காரை எடுத்து, பிள்ளையைப் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, திரும்பிவந்து நிறுத்துகிறோம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கணினி கூடுதலாகப் பெற்றோலை விசிறும், ஏனென்றால் குளிர்ந்த உலோகத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொழுத்த கலவை கரியைத் தரும். கரியை எரிக்கும் சூடு ஏறுமுன்னரே சாவியைத் திருப்பிவிடுகிறோம். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளின் பின்னால் கொட்டாஞ்சேனையில் ஊர்ந்து நிற்கும் காருக்கும் ஏறத்தாழ இதே நிலை: எஞ்சின் சூடாகியிருந்தாலும் வெறும் ஓட்டத்தில் பிளக் நுனிக்குக் கிடைக்கும் சூடு கொஞ்சம்தான். ஹைபிரிட் கார்களில் எஞ்சின் அடிக்கடி நின்று நின்று எழும்புவதையும் இதோடு சேர்க்க வேண்டும்.

பிளக்கில் கரி பிடிப்பதைப் பற்றி இந்த நாட்டில் அதிகம் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டால், 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓட்டியவர்கள் என்பேன். வெள்ளவத்தையில் இன்று அப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலம் அது. ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பௌதிகப்படி இது எளிதான காரியமல்ல. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது திரவமாகவே கிடக்கும். ஆகவே சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் அந்தச் சூட்டில் ஆவியாகி ஓட்டத்தைத் தொடரும். பிரித்தானியாவில் 1940களின் இறுதியில் வந்த பேர்கசன் டிரக்டர்களில் ஒரு வகையும் இதே முறையில் ஓடியது. ஸ்டார்ட் செய்வதற்கென்றே அதில் பெற்றோலுக்குத் தனியாக ஒரு சிறு அறை இருந்தது. அது தொழிற்சாலையில் வடிவமைத்த எஞ்சின். யாழ்ப்பாணத்தவர்கள் பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினையே மண்ணெண்ணெய்க்குப் பழக்கினார்கள். அந்தப் பழைய கார்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததால் அது முடிந்தது. இன்றைய எஞ்சினில் மண்ணெண்ணெய் கண்டபடி வெடித்து அடிக்கும்.

முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படிந்தது. நடுவழியில் நின்றுபோனால் பிளக்கைக் கழற்றி, உரசித் துடைத்து, சுட்டுக் காயவைத்துத் திரும்பப் பூட்டினார்கள். இதைத் தந்திரம் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. எஞ்சின் செய்யத் தவறிய வேலையை, பீங்கானைச் சூடாக்கிக் கரியை எரிக்கும் வேலையை, அவர்கள் கையால் செய்து முடித்தார்கள். அது சுத்தமான பயன்பாட்டு விஞ்ஞானம். அம்புலன்ஸ் கிடைக்காத இரவுகளில் கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் அந்த வாகனங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின.

பிளக் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது இந்தச் சூட்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகள் அதைத்தான் சொல்கின்றன. என்.ஜி.கே. தயாரிப்பில் பி.கே.ஆர். 6 ஈ - 11 என்ற ஒன்றை எடுப்போம். பி என்பது 14 மில்லிமீற்றர் மரை. கே என்றால் 16 மில்லிமீற்றர் சொக்கட்டில் கழற்றலாம். ஆர் என்றால் உள்ளே தடை இருக்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி வானொலி அலைபரப்பி. 1880களில் ஹேர்ட்ஸ் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டியதே இப்படிப்பட்ட பொறி இடைவெளியால்தான். அந்த இரைச்சல் ரேடியோவையும் காரின் கணினியையும் குழப்பாமல் இருக்க அந்தத் தடை. ஈ என்பது மரையின் நீளம் 19 மில்லிமீற்றர் என்பதைக் குறிக்கும். கடைசி 11 என்பது 1.1 மில்லிமீற்றர் இடைவெளி.

நடுவில் நிற்கும் 6தான் சூட்டு எண். என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. சம்பியனில் எண் கூடினால் சூடானது. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் அதன் சூடு உலோக உடலுக்கு வந்துசேர நீண்ட வழி போக வேண்டும், ஆகவே நுனி சூடாகவே இருக்கும். மூக்குக் குட்டையென்றால் சூடு விரைவில் இறங்கிவிடும். "எங்கட ஊர் வெயிலுக்குக் குளிர்ந்த பிளக் போடுங்கோ" என்று கடையில் சொன்னால் கேட்க வேண்டாம். வெளியில் 32 பாகையா 10 பாகையா என்பது, உள்ளே 2000 பாகையைத் தாண்டி எரியும் தீயின் முன்னால் ஒரு பொருட்டே அல்ல. குளிர்ந்த பிளக் காலி வீதியில் இன்னும் வேகமாகக் கரி பிடிக்கும். கைநூலில் உள்ள எண்ணையே வாங்குங்கள். போலிப் பிளக்குகள் உலகம் முழுக்க உலவுவதால் மரையின் வெட்டு சுத்தமாக இருக்கிறதா, மின்வாய் நேர் நடுவில் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கழற்றும் வேலைக்கு எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சிலிண்டர் தலை அலுமினியம், பிளக்கின் உடல் உருக்கு. சூட்டில் அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சூடாக இருக்கும்போது மென்மையாகவும் இருக்கும். அந்த நிலையில் திருகினால் மரை பிய்ந்துபோகும். ஹைபிரிட் என்றால் காரை முழுதாக ஓவ் செய்து, சாவியைத் தூர வைத்துவிட்டுத்தான் பொனட்டுக்குள் கையை விட வேண்டும். செம்மஞ்சள் நிறக் கேபிள்களைத் தொடவே கூடாது.

இப்போதைய கார்களில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு கொயில் உட்கார்ந்திருக்கும். அதன் கனெக்டர் பிளாஸ்டிக் பழைய காரில் சூட்டில் வெந்து மொறுமொறுப்பாகியிருக்கும். நாக்கை அழுத்திப் பொறுமையாகக் கழற்ற வேண்டும். கடற்கரைப் பக்கம் நிற்கும் கார்களில் உப்புக் காற்று கனெக்டர் முனைகளில் பச்சையாகப் பூத்திருப்பதும் உண்டு. கொயிலை இழுப்பதற்கு முன் இடவலமாகச் சற்றுத் திருகினால் அதன் றப்பர் விட்டுக்கொடுக்கும். அடுத்ததுதான் பலர் தவறவிடுவது: பிளக் இருக்கும் குழிக்குள் சைக்கிள் பம்பால் நன்றாகக் காற்றடியுங்கள். பிளக்கை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடியும் அடியுங்கள். அங்கே கிடக்கும் மணல் உள்ளே விழுந்தால் அது சிலிண்டர் சுவரைக் கீறும்.

புதுப் பிளக்கை ஸ்பானரால் தொடங்கக் கூடாது. ஒரு சாண் றப்பர் ஹோஸ் துண்டை அதன் தலையில் செருகி, குழிக்குள் இறக்கி, விரலால் ஹோசைத் திருகுங்கள். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கும். நேராக ஏறினால் பிளக் தானாகவே இறங்கும். கை இறுக்கம் வந்த பிறகு, வாஷர் உள்ள 14 மில்லிமீற்றர் பிளக் என்றால் சொக்கட்டால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. வாஷர் நசுங்குவதைக் கையில் உணரலாம். டோர்க் ரென்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீற்றர், அதாவது 25 சென்ரிமீற்றர் பிடியின் நுனியில் பத்துப் பன்னிரண்டு கிலோ எடையைத் தொங்கவிடும் அளவு. 12 மில்லிமீற்றர் மரைக்கு 15 முதல் 20 போதும். வாஷர் இல்லாத கூம்பு இருக்கைப் பிளக்குக்குக் கை இறுக்கத்துக்கு மேல் பதினாறிலொரு சுற்றுத்தான்.

இந்த அளவுகளில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் மீண்டும் சூடுதான். மூக்கு வாங்கும் சூட்டின் பெரும்பகுதி மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் சிலிண்டர் தலைக்குப் போய், அங்கே ஓடும் தண்ணீரில் கலக்கிறது. தளர்வாகப் பூட்டிய பிளக்குக்கு அந்த வழி பாதி அடைபட்டதுபோல. சரியான சூட்டு எண் கொண்ட பிளக்கும் மிகையாகக் கொதிக்கும். மிஞ்சி இறுக்கினால் உடல் இழுபட்டு உள்ளே பீங்கானின் பிடி விடும். மரையில் கிறீஸ் பூசுவதும் வேண்டாத வேலை, ஏனென்றால் உராய்வு குறைந்து, அதே கை பலத்தில் பிளக் அளவுக்கு மீறி இறுகிவிடும்.

கழற்றிய பிளக்குகளைப் பழைய பேப்பரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை மாறாமல் வையுங்கள். வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மூக்கு இளம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எஞ்சின் நலம். எல்லாவற்றிலும் ஒரேமாதிரி உலர்ந்த கரி என்றால் குறுகிய ஓட்டம், அல்லது அடைபட்ட காற்று வடி. ஒன்றில் மட்டும் கறுப்பென்றால் பிரச்சினை அந்தச் சிலிண்டருக்குரியது. ஈரமாக, பளபளவென்று எண்ணெய் பூசியிருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் எண்ணெயை உள்ளே விடுகிறது. புதுப் பிளக் போட்டாலும் அது நிற்காது. வெளுத்து, கொப்புளம் கட்டியிருந்தால் மிகைச் சூடு. வெளிப்பக்கப் பீங்கானில், உலோக உடலுக்குச் சற்று மேலே மோதிரம்போல ஒரு பழுப்புக் கறை இருக்கும். வாயு கசிகிறது என்று அதைக் காட்டி பிளக்கை எறியச் சொல்வார்கள். அது கசிவல்ல. உயர் வோல்ட் அந்த இடத்தில் காற்றை அயனாக்க, காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துணிக்கைகள் ஈர்க்கப்பட்டு ஒட்டிய கறை. அதனால் கெடுதி இல்லை.

பொறி தவறும் சிலிண்டரிலிருந்து எரியாத பெற்றோல் வெளியே போகும். வருடாந்த வாகனப் புகைப் பரிசோதனையில் ஐதரோகாபன் அளவு ஏறுவதற்கு இது ஒரு காரணம். அந்தப் பெற்றோல் வினையூக்கி மாற்றிக்குள் போய் அங்கே எரிந்தால், பிளக்கைப் போலப் பன்மடங்கு விலையுள்ள அந்தப் பாகம் உருகிப்போகும். ஆகவே உதறலுடன் காரை இழுத்தடிக்க வேண்டாம்.

பிளக் மாற்றிய பிறகும் உதறல் நிற்காவிட்டால், கணினியில் பதிந்திருக்கும் பிழைக் குறியீட்டை வாசிக்கும் சிறு கருவியைச் செருகிப் பாருங்கள். பி0301 என்றால் முதலாம் சிலிண்டர் தவறுகிறது, பி0302 என்றால் இரண்டாவது. இரண்டு என்று வந்தால், இரண்டாவதன் கொயிலை முதலாவதில் பூட்டி, குறியீட்டை அழித்துவிட்டு மொரட்டுவைப் பக்கம் ஓர் ஓட்டம் ஓடுங்கள். இப்போது பி0301 என்று வந்தால் கொயில் போய்விட்டது என்று அர்த்தம். மறுபடியும் பி0302தான் என்றால் கொயில் நல்லது. மிச்சம் இருப்பவை அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரும் வால்வும் ரிங்கும். கராஜில் பாஸிடம் காரை விடும்போது இரண்டாம் சிலிண்டரின் அமுக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லி, வரிசைப்படி வைத்த பழைய பிளக்குகளையும் அவர் கையில் கொடுங்கள்.